கல்லூரி மின்னஞ்சல்: சாவி யார் கையில்?

"மெயில் வரல சார்."

கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சொல்பவர் முதலாண்டு மாணவராகவும் இருப்பார், துறைத்தலைவராகவும் இருப்பார். உட்காரவைத்து விசாரித்தால் ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். இன்னொருவருக்கு அஞ்சல் வந்து ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். மூன்றாமவர் முகவரியில் ஒரு புள்ளியை விட்டிருப்பார். நான்காமவரின் பெட்டி நிரம்பியிருக்கும். ஐந்தாமவர் படிப்பை முடித்து ஓராண்டு ஆகியிருக்கும். அவர் கணக்கையே மூடியிருப்பார்கள், அது அவருக்குத் தெரிந்திருக்காது.

இவற்றில் எதுவுமே சர்வர் பழுது அல்ல. ஆனாலும் எல்லோரும் "சர்வர் டவுனா சார்?" என்றுதான் கேட்பார்கள். கல்லூரி தரும் மின்னஞ்சலைத் தன் சொந்த ஜிமெயிலைப் போலவே மாணவர் நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது விடுதி அறையைப் போன்றது. பூட்டும் சாவியும் உங்களிடம் இருக்கும்; மாற்றுச் சாவி வார்டனிடம் இருக்கும்; படிப்பு முடிந்தால் காலி செய்ய வேண்டும். கணக்கில் வரும் சிக்கல்களை இந்தக் கோணத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் முடிச்சு தானாக அவிழ்கிறது.

அதற்கு முன் கொஞ்சம் பின்கதை. இந்தியாவில் மின்னஞ்சல் வளர்ந்ததே கல்விக்கூடங்களில்தான். ரே டாம்லின்சன் 1971-இல், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இரண்டு கணினிகளுக்கு இடையே செய்தி அனுப்பி, பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தார். இங்கே 1986-இல் மத்திய மின்னணுத் துறை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியது. அதன் தொடக்கப் பங்காளிகள் எட்டுப் பேர்: சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுத் துறை. பொதுமக்களுக்கு அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்தான். சுமார் ஒன்பது ஆண்டுகள் மின்னஞ்சல் முகவரி என்பதே பெரும்பாலும் ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் வைத்திருந்த ஒன்று. இன்றும் ‘ஏசி.இன்’, ‘இடியு.இன்’, ‘ரெஸ்.இன்’ என்று முடியும் பெயர்களை எர்நெட் இந்தியா மட்டுமே பதிவுசெய்து தரும். கல்வி நிறுவனம் என்பதற்கான சான்று கேட்கும். கல்லூரி முகவரிக்கு வெளியுலகில் தனி மரியாதை இருப்பதற்கு இது முக்கியமான காரணம். மென்பொருள் நிறுவனங்கள் மாணவச் சலுகையை அந்த முகவரியைப் பார்த்துத்தான் தருகின்றன. ஆய்விதழ்கள் பலவும் அதையே விரும்புகின்றன.

அந்தக் காலத்தில் அஞ்சல் படிப்பது கறுப்புத் திரையில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் போன்ற நிரல்களில். பிரௌசரிலேயே படிக்கலாம் என்ற நிலையை உலகுக்குப் பரப்பியது 1996 ஜூலை 4-இல் வந்த ஹாட்மெயில். உருவாக்கிய இருவரில் ஒருவர் சபீர் பாட்டியா. பிறகு ஸ்க்விரல்மெயில், ஹோர்டு, ரவுண்ட்கியூப் என்று இலவச வெப்மெயில் மென்பொருள்கள் வந்தன. கல்லூரிகள் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, மூலையில் யு.பி.எஸ். வைத்து, தாங்களே அஞ்சல் நிலையம் நடத்தின. கரண்ட் போனால் அஞ்சலும் போகும். ஆளுக்கு 20 எம்.பி., 50 எம்.பி. என்று இடம் கொடுத்து, நிரம்பியதும் திட்டினோம். 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் ஆளுக்கு 1 ஜி.பி. தருகிறேன் என்றபோது பலர் அதை ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே நினைத்தார்கள்.

2006-இல் கூகுள், கல்லூரிகளுக்கு இலவச மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு வந்தது. சர்வர் அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் அங்கே குடிபோனோம். அதில் தப்பில்லை. ஒரு மாவட்டத் தலைநகரக் கல்லூரியின் ஒற்றை அட்மினால், உலகம் முழுக்க ஸ்பாம் தடுக்கும் நிறுவனத்தோடு போட்டிபோட முடியாது. ஆனால் ‘வரம்பில்லா இடம்’ என்ற வாக்குறுதி நிலைக்கவில்லை. 2021 பிப்ரவரியில் கூகுள் கொள்கையை மாற்றியது: ஒரு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டி.பி.தான், பழைய வாடிக்கையாளர்களுக்கு 2022 ஜூலை முதல் இது நடைமுறைக்கு வந்தது. 5,000 பேர் படிக்கும் கல்லூரியில் ஆளுக்கு 20 ஜி.பி. என்று கணக்கு வருகிறது. பத்தாண்டுகளாகப் படித்துப்போன பழைய மாணவர்களையும் அதே தொட்டியில் வைத்திருந்தால் ஆளுக்குச் சுமார் 5 ஜி.பி.தான் மிஞ்சும். ‘வாழ்நாள் முகவரி’ என்று பெருமையாக அறிவித்திருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் பழைய மாணவர் கணக்குகளுக்குக் கத்தரி போட்டது இதற்குப் பிறகுதான். நம்மூர்க் கல்லூரிகளில் அட்மின்கள் திடீரென்று கறார் ஆனதன் பின்னணியும் இதுவே.

இனி சிக்கல்கள். முதலாவது உள்ளே நுழைவது.

புதிய மாணவருக்கு முகவரி பெரும்பாலும் பதிவெண்ணை வைத்தே அமைகிறது. சுழியத்தையும் ஆங்கில ‘ஓ’வையும் மாற்றி அடிப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. புள்ளி விஷயம் அதைவிட நுட்பமானது. சொந்த ஜிமெயில் முகவரியில் புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒன்றுதான். கூகுள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதே கூகுள் நடத்தும் கல்லூரி முகவரியில் புள்ளிக்கு மதிப்பு உண்டு. விட்டால் வேறு முகவரி ஆகிவிடும். சொந்தக் கணக்கில் பழகிய கை இங்கே தடுமாறுகிறது.

கடவுச்சொல் மறந்தால் சொந்தக் கணக்கில் கைப்பேசிக்குக் குறியீடு வரும், மாற்றிக்கொள்ளலாம். கல்லூரிக் கணக்கில் ‘உங்கள் நிர்வாகியை அணுகவும்’ என்று ஒரு வரி வந்து நின்றுவிடும் இடம் அதிகம். மாணவர்கள் அதைப் பிழைச் செய்தி என்று நினைத்து இருபது தடவை முயல்வார்கள். அது நேரான தகவல்: மாற்றுச் சாவி வார்டனிடம். அட்மினுக்கு உங்கள் பழைய கடவுச்சொல் தெரியாது, அவரால் பார்க்கவும் முடியாது. புதிதாக ஒன்றைப் போட்டுத் தர முடியும். அதற்கு அவர் அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் தருகிறவர்தான் ஆபத்தானவர்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்தபின் புதிய தலைவலி ஒன்று சேர்ந்தது. சேரும்போது அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அந்த சிம் இப்போது இல்லை. அல்லது சரிபார்ப்புச் செயலி இருந்த போன் பேருந்தில் தொலைந்திருக்கும். கணக்கைத் திறந்த அன்றே பத்துக் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கிறது. செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஒரே பிரௌசரில் மூன்று கணக்குகளைத் திறந்துவைத்திருப்பது இன்னொரு பொதுவான வியாதி. படிவம் கல்லூரிக் கணக்கில் திறக்கும்படி இருக்கும். பிரௌசர் சொந்தக் கணக்கைக் காட்டி ‘அனுமதி இல்லை’ என்னும். மறைநிலைச் சன்னலைத் திறந்து கல்லூரிக் கணக்கில் மட்டும் நுழைந்து பாருங்கள். திறந்தால் கணக்கில் கோளாறு இல்லை, பிரௌசரில்தான். ஆய்வகத்தில் பாதிப் புகார்கள் இந்த ஒரு சோதனையிலேயே முடிந்துபோகும்.

அடுத்தது உண்மையிலேயே வராத அஞ்சல். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டியவை நிறைய.

முதலில் ஸ்பாம் பெட்டி. ஜிமெயிலில் 30 நாள் ஆனால் அதில் உள்ளவை தானாக அழிந்துவிடும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதாது. பிறகு ‘எல்லா அஞ்சலும்’ என்ற இடம். கைப்பேசியில் விரலால் தள்ளும்போது அஞ்சல் அழிவதில்லை, காப்பகத்துக்குப் போகிறது. "நேத்து பார்த்தேன் சார், இன்னிக்குக் காணோம்" என்பவருக்கு அங்கேதான் கிடைக்கும்.

வெப்மெயிலில் எதுவுமே இல்லை, எல்லாம் மறைந்துவிட்டன என்று பதறி வந்தவர் ஒரு பேராசிரியர். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். கடைசியில் தெரிந்தது: வீட்டுக் கணினியில் அவர் மகன் அஞ்சல் நிரல் ஒன்றைப் போட்டு, ‘பாப்’ முறையில் இணைத்திருக்கிறான். பாப் என்பது தபால்காரரிடம் கடிதத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் முறை. வழக்கமான அமைப்பில் இறக்கியதும் சர்வரில் இருப்பதை அழித்துவிடும். மார்க் கிரிஸ்பின் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ‘ஐமேப்’ முறையோ கடிதத்தை அஞ்சல் நிலையத்திலேயே விட்டுவிட்டு, அங்கேயே போய்ப் படிக்கச் செய்வது. இரண்டு இடங்களில் ஒரே கணக்கைப் பார்ப்பவர் ஐமேப் வைக்க வேண்டும். பேராசிரியரின் 1,400 அஞ்சல்களும் வீட்டில் பத்திரமாக இருந்தன. பையனுக்குத் திட்டு விழுந்ததுதான் மிச்சம்.

திரும்பி வந்த அஞ்சலை யாரும் படிப்பதில்லை. ஆங்கிலத்தில் நீளமாக இருப்பதால் அதை அழித்துவிட்டு "போகல" என்கிறார்கள். அதில் தேட வேண்டியது மூன்று இலக்க எண் ஒன்று. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. அனுப்பிய சர்வரே நான்கைந்து நாள்வரை மீண்டும் மீண்டும் முயலும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 5-இல் தொடங்கினால் முடிவான மறுப்பு. பக்கத்தில் 5.1.1 என்றிருந்தால் அப்படியொரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது. 5.7.1 என்றால் அந்தப் பக்கத்து விதி உங்களை அனுமதிக்கவில்லை. அட்மினிடம் போகும்போது இந்த எண்ணைச் சொன்னால் அரைமணி நேர விசாரணை மிச்சமாகும்.

பெட்டி நிரம்புவதற்கும் அஞ்சலுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. கூகுள் கணக்கில் அஞ்சல், டிரைவ், போட்டோ மூன்றும் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. கைப்பேசி கேமராவின் காப்பு கல்லூரிக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அக்கா கல்யாணத்தின் 600 படங்களும் நான்கு வீடியோவும் உள்ளே கிடக்க, தேர்வு அறிவிப்பு வெளியே நிற்கும். அஞ்சலை அழித்துப் பயனில்லை. போட்டோ காப்பை நிறுத்தி, ஏற்கெனவே ஏறிய படங்களை அழிக்க வேண்டும். அழித்தவையும் குப்பைத்தொட்டியைக் காலிசெய்யும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

மாணவர் என்ன செய்தாலும் தீராத சிக்கல்களும் உண்டு. சில கல்லூரிகள் மாணவர் கணக்குகளை உள்வட்டத்துக்குள் அடைத்துவைக்கின்றன. வெளியிலிருந்து வரும் அஞ்சல் ஏற்கப்படாது. பாதுகாப்புக்காக வைத்த வேலி. ஆனால் வேலைவாய்ப்புத் தேர்வுக்கு வெளி நிறுவனம் அனுப்பும் ஓ.டி.பி.யும் அந்த வேலியில் மோதித் திரும்பும். சொந்த சர்வர் நடத்தும் இடங்களில் ‘கிரேலிஸ்டிங்’ என்ற உத்தி இருக்கிறது. 2003-இல் ஈவன் ஹாரிஸ் முன்வைத்தது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் முதல் அஞ்சலை ‘பிறகு வா’ என்று 4-வரிசை எண் சொல்லித் திருப்பிவிடும். ஒழுங்கான சர்வர் சில நிமிடங்களில் மறுபடி வரும். ஸ்பாம் அனுப்புகிறவன் பொறுமையில்லாமல் போய்விடுவான். அழகான யோசனை. ஆனால் பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓ.டி.பி. பதினைந்தாம் நிமிடத்தில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது?

கல்லூரி அனுப்பும் அஞ்சலே மாணவரின் சொந்த முகவரியில் ஸ்பாமில் விழுவதற்குக் காரணம் வேறு. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிமுறை, அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கச் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் முதல்வர் பெயரில் கடிதம் போடலாம். ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ‘எஸ்.பி.எஃப்.’ என்பது, எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்று கல்லூரி வெளியிடும் பட்டியல். ‘டிகிம்’ அஞ்சலின் மேல் குத்தும் அரக்கு முத்திரை. ‘டிமார்க்’ என்பது, இரண்டும் பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்யலாம் என்ற அறிவுறுத்தல். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கட்டாயமாக்கின; கூகுளின் கணக்கில் அது ஒரே நாளில் 5,000. குறைவாக அனுப்புவோரும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் அஞ்சல் கூகுளில் இருக்கும். கட்டண ரசீதும் ஹால் டிக்கெட்டும் அனுப்பும் மென்பொருள் வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கும். அந்த நிறுவனத்தின் சர்வரைப் பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார்கள். விளைவு: கல்லூரியின் அறிவிப்பே கல்லூரியின் பெயரைத் திருடிய அஞ்சலாகத் தெரிகிறது. ஒரு வரியைச் சேர்த்தால் தீரும் கோளாறு. அந்த வரியைச் சேர்க்க வேண்டியவர் அட்மின். திட்டு வாங்குபவர் மாணவர்.

இணைப்புக் கோப்பு பற்றிச் சுருக்கமாக. ஜிமெயிலின் வரம்பு 25 எம்.பி. ஆனால் அஞ்சலில் போகும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்று பைட் நான்காகிறது. பெறும் சர்வர் அந்தப் பெருத்த அளவைத்தான் கணக்கில் எடுக்கும். 10 எம்.பி. வரம்பு வைத்த சர்வருக்கு 8 எம்.பி. கோப்பு போகாது. பெரியதை டிரைவில் ஏற்றிச் சுட்டியாக அனுப்பலாம். அனுப்புமுன் பார்க்கும் அனுமதியைக் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். இரவு 11.58-க்கு ப்ராஜெக்ட் அறிக்கை அனுப்பிவிட்டேன் என்று மாணவர் நிம்மதியாகத் தூங்குவார். காலையில் ஆசிரியருக்குத் திறப்பது ‘அனுமதி கோரவும்’ என்ற பக்கம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு பழைய கதை. அஞ்சல் விதிமுறை முதலில் 7 பிட் ஆங்கில எழுத்துக்காகவே எழுதப்பட்டது. இன்றைய யுனிகோடில் ‘அம்மா’ என்ற சொல் ஐந்து குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பழைய பாதையில் போவதற்காக ஒருவகைக் குறிமுறையில் மாற்றினால் 45 எழுத்துகளாக நீளும். வழியில் எங்காவது ஒரு நிரல் இதைத் தவறாகப் பிரித்தால், தலைக்குமேல் கோடு போட்ட ‘ஏ’ எழுத்துகளின் அணிவகுப்பாகத் தலைப்பு வந்து நிற்கும். பார்க்கும் நிரலில் எழுத்துக் குறிமுறையை யு.டி.எஃப்-8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிஸ்கி, டாப், டாம் எழுத்துருக்களில் வந்த அஞ்சல்களுக்கு இது பலிக்காது; எழுத்துரு மாற்றி வேண்டும். முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ள 2012 முதல் சர்வதேச விதிமுறை இருக்கிறது. என் பார்வையில் பட்ட கல்லூரி எதுவும் அதைத் தொட்டதில்லை.

திருட்டுக்கு வருவோம். மரியாதை உள்ள முகவரி என்பதால்தான் கல்லூரிக் கணக்குக்குத் திருடர்களிடம் கிராக்கி. "உங்கள் பெட்டி 98% நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே சொடுக்கவும்" என்று வரும். மேலே சொன்ன இட நெருக்கடியால் மாணவர் அதை நம்பிவிடுகிறார். சொடுக்கியதும் கல்லூரியின் நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள், மேலே முகவரிப் பட்டையில் கல்லூரியின் பெயர் (கூகுள் அஞ்சல் என்றால் கூகுளின் பெயர்) எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சர்வர் பெயர் முடியும் இடத்தில், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன் அது வர வேண்டும்; நடுவிலோ சாய்கோட்டுக்குப் பிறகோ அல்ல. கொடுத்துவிட்டால் அடுத்த அரைமணியில் உங்கள் பெயரில் நூற்றுக்கணக்கானோருக்குப் ‘பகுதிநேர வேலை’ அஞ்சல் போகும், கணக்கு முடக்கப்படும். கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. உள்ளே புகுந்தவன் உங்கள் அஞ்சல்களைத் தன் முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை அமைப்புகளில் எழுதிவைத்துப் போவது வழக்கம். அதைத் தேடி நீக்குங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள்.

சொந்த சர்வரே பாதுகாப்பு என்று வாதிடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. பத்தாண்டுகளுக்கு மேலாக மென்பொருளுக்குள் இருந்த ஓட்டை. ஒரே ஒரு பயனரின் கடவுச்சொல் தெரிந்தால், சர்வரிலேயே விருப்பப்பட்ட ஆணையை ஓட்டலாம். அபாய அளவு 10-க்கு 9.9 என்று மதிப்பிட்டார்கள். திருத்தம் உடனே வந்தது. போடுவதற்கு ஆள் இருந்த இடங்களில் தப்பித்தார்கள். செமஸ்டர் விடுமுறையில் அட்மின் ஊருக்குப் போயிருந்தால்?

அந்தரங்கம் குறித்தும் மாணவர்கள் கேட்பார்கள்: "எங்க மெயில அட்மின் படிப்பாரா சார்?" நிறுவனக் கணக்குகளில் அஞ்சல்களைப் பாதுகாத்துவைத்துத் தேடும் கருவி நிர்வாகத்துக்கு உண்டு. படிக்கிறார்களா என்பது வேறு. படிக்க முடியும் என்பதே பதில். காதல் கடிதமும் வங்கி விவரமும் அங்கே வேண்டாம்.

கடைசிக் கட்டம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. கணக்கு மூடப்பட்டபின் என்னிடம் வந்தவர்களில் ஒரு முன்னாள் முனைவர் பட்ட மாணவியும் உண்டு. அவருடைய நான்கு ஆய்வுக் கட்டுரைகளில் தொடர்பு முகவரியாக அச்சாகியிருப்பது அந்த முகவரி. படித்துவிட்டுக் கேள்வி கேட்க நினைக்கும் எவருடைய கடிதமும் இனி 5.1.1 என்று திரும்பும். இணையப் பாடங்களுக்கான என்.பி.டி.இ.எல். சான்றிதழ், நிரல் களஞ்சியக் கணக்கு, வேலைத் தளம் எல்லாம் அதே முகவரியில். அவற்றுக்குள் நுழைய ஓ.டி.பி. எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியைக் குறைசொல்ல முடியாது, விதி அது. ஆனால் மூடப்போகும் தேதியை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதைக் குறை சொல்லலாம், சொல்கிறேன்.

ஆகவே இறுதியாண்டு மாணவர்கள் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். கல்லூரி முகவரியில் பதிந்த வெளிக் கணக்குகளை எல்லாம் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். கூகுள் என்றால் ‘டேக்அவுட்’ வழியாக அஞ்சலையும் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். அட்மின் அதை அடைத்துவைத்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், அல்லது ஐமேப் அனுமதி இருந்தால் தண்டர்பேர்டு போன்ற நிரலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.

கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்பது ஒன்றே. மாற்றுச் சான்றிதழ் தரும் மேசையில், கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று அச்சிட்ட ஒரு துண்டுத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.